பழைய வேகன் ஆருக்கு ரிலே வயரிங் கிட்டும் நல்ல ஹாலஜன் பல்பும்: ராத்திரி ரோட்டில் ஓட்டிப் பார்த்ததில்

வேகன் ஆர், ஆல்டோ, பழைய ஸ்விஃப்ட் மாதிரி எச்4 பல்பு (டிம்மும் பிரைட்டும் ஒரே பல்பில் வருவது) போட்ட வண்டி வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஹெட்லைட் போதவில்லை என்று தோன்றினால், கடைக்குப் போய் எல்இடி கேட்பதற்கு முன்னால் ஒரு ரிலே வயரிங் கிட் (பேட்டரியிலிருந்து பல்புக்கு நேராக மின்சாரம் கொண்டுவரும் தடித்த வயர் செட்) போட்டுப் பாருங்கள். கூடவே கம்பெனி போட்ட அதே 60/55 வாட்டில் (பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55) நல்ல ஹாலஜன் பல்பு ஒரு ஜோடி. என் வண்டியில் பெரிய வேலை என்று செய்தது இந்த இரண்டும்தான். கூலியோடு சேர்த்து நாலாயிரத்துக்குள் முடிந்தது. தாராளமாகச் செய்யலாம்.

நான் கல்யாண போட்டோகிராபர். வீடு திண்டிவனம். வேலை முழுக்க செஞ்சி, திருவண்ணாமலை, வந்தவாசி, விழுப்புரம் பக்கம். ரிசப்ஷன் முடிந்து, கடைசியாக சமையல்காரர்களோடு ஒரு குரூப் போட்டோவும் எடுத்து, லைட் ஸ்டாண்டை எல்லாம் மடக்கிக் கட்டும்போது பதினொன்று தாண்டிவிடும். தை மாத முகூர்த்தம் என்றால் விடியற்காலை மூன்று மணிக்கே கிளம்ப வேண்டும், வழியெல்லாம் பனி வேறு. ஆக, நான் வண்டி ஓட்டுவதில் பெரும்பகுதி இருட்டில்தான்.

சென்னை–திருச்சி நாலுவழிச் சாலையில் பெரிய கஷ்டம் இல்லை. நடுவில் அரளிச் செடி அடர்ந்து நிற்பதால் எதிர்ப்பக்க வெளிச்சம் முகத்தில் அடிக்காது. சோதனையெல்லாம் உள்ரோடுகளில்தான். கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் பின்னால் ஒரு சிவப்பு விளக்குகூட இல்லாமல் போகும். அறுவடை நேரத்தில் பாதி ரோட்டை மறித்து நெல் காயப்போட்டு, ஓரத்தில் வரிசையாகக் கருங்கல் வைத்திருப்பார்கள். கறுப்புத் தாரின் மேல் அந்தக் கறுப்புக் கல் எவ்வளவு தூரத்தில் கண்ணில் படுகிறது என்பதுதான் என்னைப் பொறுத்தவரை ஒரு ஹெட்லைட்டுக்கு உண்மையான பரீட்சை. 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுகிறது. பார்த்து, கால் பிரேக்குக்குப் போய், வண்டி நிற்க 40 மீட்டருக்கு மேல் வேண்டும். 80 கிலோமீட்டர் என்றால் 70 மீட்டரைத் தொட்டுவிடும். கம்பெனி ஹெட்லைட்டை டிம்மில் வைத்துக்கொண்டு அந்தத் தூரத்தில் கல்லைப் பார்க்க என் கண்ணால் முடியவில்லை.

வண்டியை முதலில் எனக்குப் பழக்கமான ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனேன். பாய் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். என்ன பல்பு போடலாம் என்று கேட்டதற்கு அவர் பல்பைப் பற்றிப் பேசவே இல்லை. மல்டிமீட்டரை எடுத்தார். இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, பேட்டரி முனையில் வைத்துக் காட்டினார்: 13.9 வோல்ட். அப்புறம் பல்பின் பின்னால் இருக்கும் ஹோல்டரில் வைத்தார்: 12.3.

"தம்பி, ஒன்றரை வோல்ட்டுக்கு மேல வழியிலயே போயிடுது. இதுல நீங்க எந்த பல்பு போட்டாலும் பசியோடதான் எரியும்" என்றார்.

வழியில் என்ன நடக்கிறது என்றால், மின்சாரம் பேட்டரியிலிருந்து கிளம்பி, பியூஸ் பெட்டிக்குப் போய், ஸ்டியரிங் பக்கத்தில் நாம் திருகுகிற சுவிட்ச் வரை போய், திரும்ப முன்னால் வந்துதான் பல்பைச் சேர்கிறது. மெல்லிய வயர், பத்து வருஷப் பழைய இணைப்புகள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக வோல்ட் குறைகிறது. ஹாலஜன் பல்பின் குணம் என்னவென்றால், வோல்ட் கொஞ்சம் குறைந்தாலே வெளிச்சம் பல மடங்கு வேகத்தில் குறையும். பத்து சதவீதம் வோல்ட் குறைந்தால் ஏறக்குறைய முப்பது சதவீதம் வெளிச்சம் போய்விடும். நிறமும் மஞ்சளாகிவிடும். கல்யாணத்துக்கு 1000 வாட் ஹாலஜன் வீடியோ லைட்டைத் தூக்கிக்கொண்டு லைட் பாய் பின்னாலேயே ஓடிவந்த காலத்தில் வேலை கற்றவன் நான். மண்டபத்தில் கரண்ட் இறங்கும்போது பெண்ணின் முகம் பழுப்பாக மாறுவதை வியூஃபைண்டரில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதனால் பாய் சொன்னது உடனே புரிந்தது.

ரிலே கிட் செய்வது இதுதான்: பல்புக்கான மின்சாரத்தைப் பேட்டரியிலிருந்து நேராக, தடித்த வயரில் கொண்டுவந்துவிடும். பழைய வயர், ரிலே என்கிற மின்சுவிட்சுக்குச் சும்மா சைகை கொடுக்கும் வேலையை மட்டும் பார்க்கும். ஸ்டியரிங் பக்கச் சுவிட்ச் வழியாக இனிப் பெரிய மின்சாரம் ஓடாது என்பதால் அந்தச் சுவிட்சுக்கும் ஆயுள் கூடும்.

பொருத்தும்போது பக்கத்திலேயே நின்று பார்த்தேன். இடது பக்கப் பழைய ஹோல்டரைக் கழற்றியதும் அதன் வெள்ளைப் பிளாஸ்டிக் ஒரு மூலையில் பழுப்பேறிக் கருகியிருந்தது. 60/55 வாட் பல்புக்கே அந்த நிலை. ஒயரை எங்கேயும் வெட்டவில்லை. பழைய இடது ஹோல்டர் கிட்டின் வாயில் அப்படியே செருகிக்கொள்கிறது, வலது பக்கத்தது சும்மா இருக்கும், அதை டேப் சுற்றிக் கட்டிவிட்டார். இரண்டு ரிலேக்கள், டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. அவற்றைக் கால்கள் கீழ் நோக்கி இருக்கும்படி மாட்டினார், மழைத் தண்ணீர் உள்ளே தேங்கக்கூடாது என்பதற்காக. பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்திலேயே பியூஸ். எர்த் கொடுக்கும் இடத்தில் பெயின்ட்டை அரத்தால் சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரிந்த பிறகுதான் போல்ட்டை முறுக்கினார், மேலே கொஞ்சம் வாசலின் தடவினார். பல வண்டிகளில் கிட் போட்டும் வெளிச்சம் ஏறாமல் இருப்பதற்கு இந்த எர்த்தான் காரணமாம். ஒரு மணி நேர வேலை.

முடித்ததும் அதே மல்டிமீட்டர், அதே ஹோல்டர் இடம்: 13.6 வோல்ட். நான் என் பங்குக்கு லைட் மீட்டரைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். பட்டறை எதிரே இருந்த காம்பவுண்டுச் சுவரில், பழைய பல்போடு, முன்னும் பின்னும் ஒரே இடத்தில் வைத்து அளந்ததில் அரை ஸ்டாப் ஏறியிருந்தது. போட்டோ எடுக்காதவர்களுக்குச் சொல்வதென்றால், ஏறத்தாழ நாற்பது சதவீதம் கூடுதல் வெளிச்சம், பல்பை மாற்றாமலேயே. இந்த ஒரு அளவுக்காகவே நான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கிட்டில் குறை இல்லாமல் இல்லை. வலது பக்கத்துக்குப் போகும் ஒயர் நீளம் மட்டுமட்டாக இருக்கிறது. ரேடியேட்டர் மேல் சட்டத்தோடு ஒட்டிக் கொண்டுபோனால்தான் எட்டுகிறது. ரிலேவைத் தாங்கும் தகடு மெல்லிசு, பாய் வேறொன்று அடித்துப் போட்டார். வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள்: ஹோல்டர் பீங்கானாக இருக்க வேண்டும், ஒயரின் உள்ளே செம்பு தடிமனாக இருக்க வேண்டும் (மேலுறை மட்டும் தடித்திருக்கும் கிட்டுகள் நிறைய வருகின்றன), பியூஸ் கட்டாயம் இருக்க வேண்டும். பியூஸ் இல்லாத கிட்டை இலவசமாகக் கொடுத்தாலும் போடாதீர்கள், தீப்பிடிக்க வழி செய்வது போல ஆகிவிடும்.

பல்புக்கு வருகிறேன். ஆஸ்ரம் நைட் பிரேக்கர் எச்4 ஜோடி வாங்கினேன். இரண்டாயிரத்தைக் கொஞ்சம் தாண்டியது. இந்த வகைப் பல்புகளின் பெட்டியில் நூறு, நூற்றைம்பது சதவீதம் கூடுதல் வெளிச்சம் என்று போட்டிருப்பார்கள். அது சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டுச் சொல்வது, அதுவும் ரோட்டில் ஒரு குறிப்பிட்ட பகுதியில். வாட் ஒன்றுதான் என்பதால் மொத்த வெளிச்சம் அப்படிப் பொங்கி வழிந்துவிடாது. ஆனால் இழை மெல்லிசாகவும் துல்லியமான இடத்திலும் இருப்பதால், வெளிச்சம் தூரத்தில் ஒரே இடத்தில் குவிகிறது. டிம்மில் இடது ஓரம் நன்றாக எட்டிப் பார்க்க முடிகிறது. நான் மேலே சொன்ன கருங்கல் பரீட்சையில் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. கல் தெரிந்த பிறகு பதற்றமில்லாமல் வேகம் குறைக்க நேரம் இருக்கிறது. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: இந்தப் பல்புகளுக்கு ஆயுள் சாதாரணப் பல்பைவிடக் குறைவு, வோல்ட் ஏறியிருப்பதால் இன்னும் கொஞ்சம் குறையும். டவுனுக்குள் மட்டும் ஓட்டுகிறவர்கள் இதற்குச் செலவழிக்க வேண்டாம். கிட் போட்டு, கம்பெனிப் பல்பையே வைத்துக்கொண்டால் போதும்.

மாட்டும்போது கண்ணாடியில் விரல் படக்கூடாது. எண்ணெய்ப் பசை பட்ட இடம் சூடேறி பல்பு சீக்கிரம் போய்விடும். இது வீடியோ லைட் காலத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

100/90 வாட் பல்பு போடலாமே என்று பலரும் கேட்கிறார்கள். வெளிச்சம் கட்டாயம் ஏறும். ஆனால் ஒரு பல்பு பிரைட்டில் எட்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், கம்பெனி ஒயரில் போட்டால் ஹோல்டர் உருகிவிடும். ரிலே போட்டாலும் ரிஃப்ளெக்டரின் பூச்சு சூட்டில் மங்கும். அதோடு இவை ரோட்டுக்கு அனுமதி இல்லாத பல்புகள், ராலி மாதிரிப் பந்தயத்துக்கென்று வருபவை. அனுமதியில்லாத மாற்றம் செய்த வண்டி உரிமையாளருக்கு, மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்துக்குப் பிறகு மாற்றம் ஒன்றுக்கு 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைகூட உண்டு. நான் 60/55-ஐத் தாண்டவில்லை, தாண்டவும் தேவைப்படவில்லை.

சரி, எல்இடி. என் மச்சான் அதே எச்4 பல்பு உள்ள ஸ்விஃப்ட்டில் எல்இடி போட்டிருக்கிறார். பெட்டியில் ஐந்து இலக்கத்தில் லூமன் கணக்கு. சாதாரண எச்4 ஹாலஜன் பிரைட்டில் 1650, டிம்மில் 1000 லூமன்தான் என்பதை வைத்துப் பார்த்தால் அந்த இலக்கத்தை நான் நம்பமாட்டேன். என்றாலும், உட்கார்ந்து பார்க்கும்போது பளீரென்று இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு வண்டியையும் ஒரே சுவருக்கு முன்னால், ஒரே தூரத்தில், டிம்மில் நிறுத்தி லைட் மீட்டரில் அளந்தோம். வண்டிக்கு நேர் முன்னால், கீழ்ப்பகுதியில் எல்இடிக்குத்தான் கூடுதல். ஆனால் மேலே பாருங்கள் என்று மச்சானிடம் காட்டினேன். என் வண்டியில் ஒரு கோடு கிழித்த மாதிரி அதற்கு மேல் சுவர் இருட்டாக இருந்தது. அவர் வண்டியில் கோடே இல்லை. வெளிச்சம் சுவரின் உச்சி வரை ஏறி, பின்னால் இருந்த வேப்பமரத்தையே காட்டிக்கொண்டிருந்தது. அந்த வேப்பமரம் இருக்கிற உயரத்தில்தான் எதிரே வருகிற பஸ் டிரைவரின் கண் இருக்கும், அதற்குக் கொஞ்சம் கீழே பைக்காரரின் கண்.

இதற்குக் காரணம் எல்இடியின் தரம் மட்டும் இல்லை. எச்4 பல்பை உள்ளே உற்றுப் பாருங்கள். இரண்டு இழைகள் இருக்கும். டிம்முக்கான இழையின் கீழே ஒரு சின்னத் தகரக் கிண்ணம். அந்தக் கிண்ணம் கீழ்ப்பக்கமாகப் போகும் ஒளியை மறித்துவிடுவதால், ரிஃப்ளெக்டரின் மேல்பாதியில் மட்டும் ஒளி பட்டு, ரோட்டை நோக்கிக் கீழே இறங்குகிறது. ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் அந்த இழை இருக்கும் இடத்துக்கென்று கணக்குப் போட்டுச் செய்தது. எல்இடியில் இழை கிடையாது. ஒரு தகட்டின் இரண்டு பக்கமும் ஒட்டிய சில்லுகள்தான். தகட்டுக்கென்று ஒரு தடிமன் இருக்கிறது. ஒளி கிளம்பும் இடம் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே நூறு மீட்டர் தள்ளி அது எங்கேயோ போய் விழும்.

காலடியில் அதிக வெளிச்சம் விழுவதில் இன்னொரு கெடுதல் உண்டு. கண்ணின் பாப்பா சுருங்கிவிடும், தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகும். ஓட்டுகிறவருக்கு எல்லாம் பளிச்சென்று தெரிகிற மாதிரி இருக்கும், ஆனால் எழுபது மீட்டருக்கு அப்பால் தெரிய வேண்டியது தெரியாது. மழை ஈரத்தில் அந்த நீலம் கலந்த வெள்ளை வெளிச்சத்தில் குழிக்கும் ரோட்டுக்கும் வித்தியாசம் எனக்குப் பிடிபடவில்லை, ஹாலஜனின் மஞ்சளில் விளிம்பு தெரிகிறது. பனியிலும் அப்படித்தான். சில்லறைத் தொல்லைகளும் இருக்கின்றன. பின்னால் விசிறி இருப்பதால் ரப்பர் மூடியை வெட்டித்தான் மாட்டியிருக்கிறார்கள், ஒரு மழைக்காலத்திலேயே உள்ளே தூசியும் ஈரமும் சேர்ந்துவிட்டது. ஹெட்லைட் போட்டால் எஃப்எம்மில் இரைச்சல் வருகிறது.

"டவுனுக்குள்ள சூப்பரா இருக்கு மச்சான்" என்று அவர் இன்னும் அதையே வைத்திருக்கிறார். எனக்கு அது வருத்தம்தான். குழந்தையை முன்னால் உட்காரவைத்து டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வருகிறவர்கள் நிறைய இருக்கிற ரோடு இது. ஒரு நொடி கண் இருண்டால் அவர்களுக்கு ஒதுங்க இடம் கிடையாது. முன்பெல்லாம் ஹெட்லைட் நடுவில் கறுப்புப் பொட்டு இல்லாவிட்டால் போலீஸார் வண்டியை நிறுத்தி அங்கேயே ஒட்டிவிடுவார்கள். அந்தப் பழக்கம் இப்போது கண்ணில் படுவதில்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே, எட்டு மீட்டர் தள்ளி நிற்பவரின் கண்ணை, ஒன்றரை மீட்டர் உயரத்தில், கூசவைக்கக்கூடாது என்று இருக்கிறது. பட்டறையில் ஒருவரை நிறுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும் விஷயம்.

எல்இடிதான் வேண்டும் என்பவர்களுக்கு முறையான வழி ஒன்று உண்டு: ஹெட்லைட்டைச் சூடாக்கிப் பிரித்து உள்ளே புரொஜெக்டர் (லென்ஸ் வைத்த தனி விளக்கு) பொருத்துவது. சென்னை ஜி.பி. ரோடு பக்கம் போனால் பொருள் கிடைக்கும். நல்ல கைவேலையில் செய்த ஒரு வண்டியை ஓட்டிப் பார்த்தேன், வெளிச்சம் கோடு கிழித்தது போல நிற்கிறது, பிரமாதம். ஆனால் செலவு பத்தாயிரத்தைத் தாண்டும், திரும்ப ஒட்டுவதில் பிசகினால் மழையில் உள்ளே ஆவி பிடிக்கும், இதுவும் வண்டியில் செய்யும் மாற்றம்தான் என்பதால் சட்டக் கேள்வி தீரவில்லை. பத்து வருஷ வேகன் ஆருக்கு எனக்கு அது தேவையாகப் படவில்லை.

பழைய வண்டிக்காரர்கள் பல்புக்கு முன்னால் ஹெட்லைட் மூடியையும் பாருங்கள். இப்போதைய மூடிகள் கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். வெயிலில் மஞ்சளித்து மங்கிவிடும். என் வண்டியில் வாட்டர் பேப்பரை 800-இல் தொடங்கி 2000 வரை தண்ணீர் விட்டுத் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டு என்கிற பசை போட்டுப் பாலிஷ் செய்து, மேலே யூவி பூச்சு அடித்தார்கள். இந்தக் கடைசிப் பூச்சைப் பல இடங்களில் விட்டுவிடுவார்கள். அது இல்லாவிட்டால் சில மாதங்களில் திரும்ப மஞ்சளாகிவிடும். கேட்டுச் செய்யுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஃபோகஸ் செட் செய்யாமல் பட்டறையை விட்டு வராதீர்கள். சமதளத்தில், சுவரிலிருந்து பத்து மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். டிம்மில் வெளிச்சத்தின் மேல்கோடு, ஹெட்லைட்டின் மையம் இருக்கும் உயரத்தைவிடப் பத்து சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். இடது பக்கம் மட்டும் கோடு மேலே ஏறும், அது நம் பக்க ரோட்டின் ஓரத்தைக் காட்டுவதற்காக வைத்தது. டயரில் காற்று சரியாக இருக்கட்டும், டிரைவர் சீட்டில் ஒருவர் உட்கார்ந்திருக்கட்டும்.

என்னைப் போல டிக்கி நிறையச் சாமான் ஏற்றுகிறவர்களுக்கு இதில் இன்னும் கவனம் வேண்டும். பேட்டரிகள், ஸ்டாண்டுகள், ட்ரோன் பெட்டி எல்லாம் பின்னால் ஏறினால் வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ளும், சரியாகச் செட் செய்த டிம்மும் எதிர் வண்டிக்காரர் முகத்துக்குப் போய்விடும். ஹெட்லைட்டை ஏற்றி இறக்கும் திருகி உங்கள் டாஷ்போர்டில் இருந்தால், சாமான் ஏற்றியதும் அதை இறக்கிவிடுங்கள். இல்லையென்றால் சாமான் ஏற்றிய நிலையிலேயே பட்டறைக்குக் கொண்டுபோய் ஃபோகஸ் வைத்துக்கொள்ளுங்கள். பாய் இதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.